ஆணி துருத்திய லாடம்

எங்கள் பள்ளி வாசலில் தினமும் காலையில் ஓர் ஆங்கில மரபுத்தொடரும் அதன் பொருளும் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது தாளாளரின் உத்தரவு. மாணவர்களின் ஆங்கிலத்தின் மேல் அவருக்குத் திடீரென்று அக்கறை பிறந்துவிடவில்லை. நாமக்கல் சாலையில் வேறொரு பள்ளியின் வாசலில் அப்படி ஒரு பலகையைக் காரில் போகும்போது பார்த்துவிட்டார், அவ்வளவுதான். அங்கே இருந்தது நீலப் பலகை. இங்கே அதைவிட ஒரு முழம் அகலமாகப் பச்சைப் பலகை வந்தது.

நான் அந்தப் பள்ளியின் நூலகர். திருச்செங்கோட்டிலிருந்து பேருந்தில் போய் வருகிறேன். நூலகம் வாசலை ஒட்டிய அறை என்பதால் பலகையும் அதன் எதிரே நின்று படிப்பவர்களும் நாள் முழுவதும் என் பார்வையில்தான் இருப்பார்கள். படிப்பவர்கள் குறைவு. பலகையின் கண்ணாடிச் சட்டத்தில் தலைமுடியைச் சரிசெய்துகொள்பவர்கள் அதிகம்.

தாளாளர் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரிகளை வடநாட்டுக்கு அனுப்பிச் சம்பாதித்தவர். அதில் நான் குறை காண ஒன்றுமில்லை, அது உழைப்பு. பள்ளி தொடங்கிய பிறகும் மனிதர்களை ரிக் லாரியின் உதிரிப் பாகங்களாகவே பார்த்ததுதான் எனக்கு அவரிடம் பிடிக்காமல் போனது. தேயும்வரை ஓட்ட வேண்டும், கழன்று போகாமல் முடுக்கி வைக்க வேண்டும். அவருக்குத் தெரிந்த நிர்வாகம் அது மட்டும்தான்.

முடுக்கி வைப்பதற்கு அவர் கையாண்ட திருகு, ஆசிரியர்களின் அசல் சான்றிதழ்கள். வேலைக்குச் சேரும் நாளில் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலிலிருந்து பட்டம்வரை எல்லாவற்றையும் அவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். கல்வியாண்டின் நடுவில் யாரும் நல்ல வேலை கிடைத்ததென்று கிளம்பிவிடக் கூடாது அல்லவா? இதற்குப் பள்ளியில் சொல்லும் பெயர் 'பாதுகாப்பு'. அவர் நாற்காலிக்குப் பின்னால் ஓர் இரும்பு பீரோ, அதன் தலையில் வரிசையாகச் சாமி படங்கள், அதன் சாவி அவருடைய அரைஞாணில். அந்த அறைக்குள் போகும் ஒவ்வோர் ஆசிரியரும் சாமியைக் கும்பிடுவதுபோல் பீரோவைத்தான் ஒருமுறை பார்த்துவிட்டு வருவார்.

பலகையில் எழுதும் வேலை ஆங்கில ஆசிரியைக்கு. ஆட்டையாம்பட்டி நெசவுக் குடும்பம். கணவர் வீட்டில் விசைத்தறி ஓடுகிறது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் படித்து அரசுப் பள்ளி ஆசிரியர் தேர்வை எழுதித் தேறியிருந்தார். சேலத்தில் திங்கட்கிழமை சான்றிதழ் சரிபார்ப்பு. அசலைக் காட்டினால் வேலை, காட்டாவிட்டால் அடுத்த பெயரை அழைத்துவிடுவார்கள். அவருக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. இன்னொரு தேர்வு எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை அவர் தாளாளரிடம் கேட்டார். புதிய புத்தகங்களுக்கான அட்டவணையில் கையெழுத்து வாங்க நானும் அங்கே நின்றிருந்தேன்.

“ஐயா, திங்கக்கிழம சேலத்துல சரிபார்ப்புங்க. என்னோட ஒரிஜினல் மட்டும் குடுத்தீங்கன்னா, காட்டிட்டு அன்னிக்கே கொண்டுவந்து குடுத்தர்றேன்.”

“அம்மிணி, இன்னிக்கி என்ன கெழம?”

“செவ்வாய்ங்க.”

“செவ்வாக்கெழம போயி கொடுக்கல் வாங்கல் பேசறயே, படிச்ச புள்ளதான நீயி?” அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. “ஜெராக்ஸ் இருக்குதில்ல? அதக் கொண்டுபோய்க் காட்டு. ஜெராக்ஸ்ல மார்க்கு கொறஞ்சா போயிருக்கும்?”

“ஒரிஜினல்தாங்க கேப்பாங்க.”

“கேட்டா, எங்க தாளாளருகிட்ட பத்தரமா இருக்குதுன்னு சொல்லு. நீ போயிட்டீன்னா பன்னெண்டாவதுக்கு ஆரு இங்கிலீசு நடத்தறது? நானா நடத்தறது?”

தான் நகைச்சுவையாகப் பேசியதாக அவருக்கு நினைப்பு. இப்படிப்பட்டவர்கள் கொடுமை செய்யும்போது கட்டாயம் ஒரு வேடிக்கையும் சொல்வார்கள். எதிரில் இருப்பவர் சிரித்துத் தொலைக்க வேண்டும் என்பது அந்தக் கொடுமையின் இரண்டாம் பாகம்.

ஆசிரியை அழவில்லை. நேராக நூலகத்துக்கு வந்தார்.

“சார், அந்தப் பெரிய அகராதிய எடுங்க. ‘ரைட் ரஃப்ஷாட் ஓவர்’. நாளைக்கு இதத்தான் பலகைல எழுதப் போறேன். அர்த்தம் தெரியும். எங்கிருந்து வந்துச்சுன்னு சரியாப் பாத்து எழுதணும்.”

“இப்ப இருக்கற கோவத்துல எழுத வேண்டாம் மிஸ். வேலைக்கே வம்பாயிரும்.”

“கோவமா? அந்தாளு படிச்சுப் புரிஞ்சுக்கிட்டா எனக்கு சந்தோசந்தான் சார். எடுங்க.”

எடுத்தேன். Ride roughshod over என்ற அந்தத் தொடரின் பொருளில் சிக்கல் ஒன்றுமில்லை. பிறருடைய விருப்பம், உரிமை, மனவருத்தம் எதையும் பொருட்படுத்தாமல் அவர்கள்மேல் ஏறி மிதித்துக்கொண்டு தன் காரியத்தைப் பார்ப்பது. வந்த வழிதான் எனக்குப் புதிது. குளிர் நாட்டில் பனி உறைந்த பாதையில் குதிரைக்குக் கால் வழுக்கும். அதனால் லாடம் அடிக்கும்போது ஆணிகளின் தலையை அடித்து அமுக்காமல் வெளியே துருத்திக்கொண்டிருக்கும்படி விட்டுவிடுவார்கள். நம் பக்கத்துச் சந்தைகளில் மாட்டுக்கு லாடம் கட்டுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆணித்தலை லாடத்தோடு லாடமாக அமுங்காவிட்டால் கட்டியவனை மாட்டுக்காரர் சும்மா விடமாட்டார். அங்கே வேண்டுமென்றே துருத்த விட்டார்கள். அப்படி ஆணி துருத்திய லாடம் கட்டிய குதிரையைத்தான் ரஃப்ஷாட் என்றார்கள். அந்தக் குதிரையின் காலடியில் ஒருவன் கிடந்தால் என்ன ஆவான் என்பதிலிருந்து தொடர் பிறந்தது. போர்க்களத்தில் எதிரிகளை மிதித்துக் கிழிப்பதற்காகவே படைக் குதிரைகளுக்கு அப்படி ஆணி வைத்தார்கள் என்று ஒரு கதையும் உலவுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதற்கு உறுதியான ஆதாரம் என் கைக்கு எட்டிய புத்தகங்களில் இல்லை. அதையும் அவரிடம் சொன்னேன்.

ஆசிரியை அகராதிப் பக்கத்தை மறுபடி ஒருமுறை படித்தார்.

“அப்ப கீழ கெடக்கறவனக் கிழிக்கணும்னு ஆணி வெக்கல?”

“இல்லீங்க மிஸ். மேல ஏறி வாரவன் வழுக்கி உழுந்தரக் கூடாதுன்னு.”

“அது இன்னும் மோசம் சார். கிழிக்கணும்னு வெச்சிருந்தாலாவது, கீழ ஒருத்தன் கெடக்கறான்னு தெரிஞ்சு வெச்சதா ஆகும்.”

மறுநாள் காலை அவர் அழகான கையெழுத்தில் எழுதினார். பொருள், வந்த வழி, சரிபார்க்கப்படாத கதை என்ற குறிப்பு, எல்லாம் இருந்தன. அடியில் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியமும் இருந்தது. அதில் யாருடைய பெயரும் இல்லை. ஒரு முதலாளியும் அவருடைய பணியாளர்களும் மட்டும் இருந்தார்கள்.

அன்றைக்கு என்று பார்த்துத் தாளாளர் பலகையின் முன்னால் நின்றார். என்னைக் கூப்பிட்டார். வரிவரியாகத் தமிழில் சொல்லச் சொன்னார். சொன்னேன். ஒன்றையும் மழுப்பவில்லை. எடுத்துக்காட்டு வாக்கியத்தையும் சொன்னேன்.

அவர் முகம் சிவக்கும் என்று எதிர்பார்த்தேன். மலர்ந்தது.

“குதிர, இரும்பு லாடம், ஆணி! ஏனுங்க சார், நம்மளும் அப்பிடி வந்தவன்தானுங்க. வடநாட்டுல வண்டிய எறக்கறப்போ எத்தன பேரு குறுக்க வந்தான் தெரியுமுங்களா? அவங்க மனசு நோகும், இவங்க மனசு நோகும்னு பாத்துட்டிருந்தா இந்தப் பள்ளிக்கூடம் வந்திருக்குமா? நல்லா எழுதியிருக்குது அந்த அம்மிணி. வெவரமான புள்ள. அதனாலதான் உட மாட்டேங்கறேன்.”

அவருக்குப் புரியவில்லை என்று நினைத்து என்னைத் தேற்றிக்கொள்ள முடியவில்லை. நன்றாகவே புரிந்திருந்தது. தன்னைப் பற்றித்தான் எழுதியிருக்கிறது என்பதுகூடப் புரிந்திருந்தது. அதை அவர் பாராட்டாக எடுத்துக்கொண்டார். வியாழக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, “இந்த வருசம் ரிசல்ட்டுல மத்த பள்ளிக்கூடம் அத்தன மேலயும் நாம ரைட் ரஃப்ஷாட்டுங்க!” என்றார். கைதட்டல் பலமாக இருந்தது. ஆசிரியை கடைசி வரிசையில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கூட்டம் முடிந்ததும் மறுபடி போய்க் கேட்டார். தாளாளர் நல்ல மனநிலையில் இருந்தார்.

“நானா முடிவு சொன்னா பாவம், பொல்லாப்பு. நாளைக்கு வெள்ளிக்கெழம. அம்மங்கிட்டயே பூவாக்குக் கேட்டர்லாம். அம்மன் குடுன்னா குடுக்கறேன். வேண்டாம்னா நீயும் அதுக்கு மேல பேசப்படாது.”

பூவாக்கு எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். ஒரு பொட்டலத்தில் வெள்ளரளி, ஒன்றில் செவ்வரளி. இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோல இருக்கும். அம்மன் காலடியில் வைத்துக் குலுக்கிப்போட்டு, மனத்தில் உள்ளதைச் சொல்லி, ஒன்றை எடுத்துப் பிரிப்பார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது என்பது எங்கள் தாளாளரின் கணக்கு. சில குடும்பங்களில் இது மாறியும் இருக்கும், ஆனால் கேட்பதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். பள்ளி வளாகத்தின் மூலையில் இருக்கும் சிறு அம்மன் கோயிலும், விட்டுவைக்கலாமா என்று கேட்டபோது வெள்ளரளி வந்ததால்தான் இடிபடாமல் நிற்கிறது. பள்ளிப் பேருந்து வாங்கியது, விடுதி கட்டியது, மகளுக்கு மாப்பிள்ளை முடித்தது, எல்லாம் வெள்ளரளி. இது காவலாளி உட்பட அங்கே வேலை பார்க்கும் அனைவருக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலைப் பூஜைக்கு ஆசிரியர்கள் எல்லாரும் வந்து நிற்க வேண்டும் என்பதும் ஓர் உத்தரவு. நின்றோம். தாளாளரின் மனைவி அரளிப் பூக்களோடு வந்திருந்தார். கோயிலுக்குப் பின்னால் ஒரு ரிக் லாரி நின்றுகொண்டிருந்தது. விடுதிக்குத் தண்ணீர் போதவில்லை. பழைய போர்க்கிணறு வற்றிவிட்டது. நீரோட்டம் பார்ப்பவர் தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு நடந்து ஓரிடத்தைக் காட்டியிருந்தார். அந்த இடத்துக்கும் அன்றைக்குத்தான் பூவாக்கு.

முதலில் போருக்குக் கேட்டார்கள். பூசாரி பொட்டலத்தைப் பிரித்தார். வெள்ளை. எல்லாரும் கைகூப்பினோம். ரிக் லாரி ஆட்கள் டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைக்கப் போனார்கள்.

“அடுத்ததுங்க சாமி?” என்றார் பூசாரி.

தாளாளர் சத்தமாகவே கேட்டார். “தாயே, இந்த அம்மிணியோட சர்ட்டிபிகேட்டு எங்கிட்ட இருக்குது. குடுக்கறதா வேண்டாமான்னு நீயே சொல்லு.”

பூசாரி குலுக்கிப்போட்டு ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை.

ஆசிரியை கண்களை மூடிக்கொண்டார். பக்கத்தில் நின்ற கணக்கு ஆசிரியை அவருடைய கையைப் பிடித்து அழுத்தினார்.

தாளாளர் தொண்டையைச் செருமினார். “ஆனா பாருங்க, இந்தவாட்டி நான் மனசுல மாத்தி நெனச்சுட்டனுங்க. வெள்ள வந்தா வேண்டாம்னு நெனச்சேன். அம்மனே வேண்டாம்னு சொல்லிருச்சு. நாம என்ன பண்றது?”

எத்தனையோ மனிதர்களிடம் எத்தனையோ புளுகுகளை அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கூப்பிட்டு வைத்துக் கேட்ட சாமியிடமே, பதில் வந்த பிறகு, அதுவும் கைகூப்பிக்கொண்டே சொன்னதை அன்றைக்குத்தான் பார்த்தேன். குறைந்தபட்சம் கையையாவது கீழே இறக்கியிருக்கலாம்.

பூசாரி பொட்டலக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, “சாமி, ஒரே எடத்துல நின்னு கேக்கறப்போ...” என்று இழுத்தார்.

“உனக்கென்றா தெரியும்? நெனைக்கறது நானு.”

அப்போது அவருடைய மனைவி பேசினார். அந்த அம்மா பள்ளி விஷயத்தில் வாய் திறந்து நான் கேட்டதில்லை.

“ஏனுங்க, அப்ப போருக்கு?”

“போருக்கு என்ன?”

“அதுக்கும் வெள்ளதான வந்துச்சு? வெள்ளைன்னா வேண்டாம்னா, அங்க எதுக்குங்க லாரி நிக்குது?”

“அது வேற, இது வேற. அதுக்கு வெள்ளைன்னா வேணும்னு நெனச்சேன்.”

“மூச்சு உடறதுக்குள்ள மாத்தி மாத்தி நெனச்சா அம்மன் எதுன்னுங்க எடுத்துக்கும்? நீங்க வேண்டாம்னு நெனச்சத எடுத்துக்கிட்டுப் பூமிக்குள்ள தண்ணிய அடச்சுருச்சுன்னா?”

இது விளையாட்டல்ல. ரிக் தொழிலில் இருந்தவருக்கு இந்த அச்சத்தைவிடப் பெரிய அச்சம் கிடையாது. துளை இறங்க இறங்கத் தண்ணீருக்குப் பதிலாகப் புழுதி பறப்பதை அவர் எத்தனையோ தோட்டங்களில் நின்று பார்த்தவர். பின்னாலிருந்து ரிக் ஆள் ஒருவர் தலையை நீட்டினார்.

“ஏனுங்க, ஆரம்பிக்கறதுங்களா, வேண்டாமுங்களா? கம்ப்ரசரப் போட்டுட்டனுங்க.”

“சித்த இர்றா!”

தாளாளர் ரிக் லாரியைப் பார்த்தார், பூவைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். ஆசிரியையை மட்டும் அவர் பார்க்கவே இல்லை. இத்தனைக்கும் எதிரே, கையெட்டும் தூரத்தில்தான் நின்றிருந்தார். அந்த இடத்தில் அவரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தாளாளர் கணக்கில் எடுத்துக்கொண்டார்.

கடைசியாக ஒரு முயற்சி செய்தார். “செரி, குடுத்தர்லாம். ஆனா இன்னிக்கி வெள்ளிக்கெழம. ஊட்டுப் பொருள வெள்ளிக்கெழம வெளிய குடுப்பாங்களா? செவ்வாக்கெழம கழிச்சுப் பாக்கலாம்.”

“அது நம்ம ஊட்டுப் பொருளாங்க?” என்றார் மனைவி.

அதற்கு மேல் தாளாளரிடம் வேடிக்கை ஒன்றும் மிச்சமில்லை. அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்க்க நேரம் பிடித்தது. ஆசிரியையோடு நானும் அவர் அறைக்குப் போனேன். அவர் பீரோவைத் திறந்து சான்றிதழ்க் கட்டைத் தேடி எடுத்து, ஆசிரியையின் கையில் கொடுக்காமல் மேசைமேல் போட்டார். எடுத்துக்கொள்ள அவர் குனிய வேண்டியிருந்தது. இதையும் கவனித்தேன். இப்படிப்பட்டவர்கள் தோற்கும்போதும் எதிரில் நிற்பவரைக் குனிய வைத்துவிட்டுத்தான் தோற்பார்கள்.

“இப்ப சந்தோசமா? போற எடத்துல எங்க பேரக் காப்பாத்து.”

“போயிட்டு வர்றேங்க” என்றார் ஆசிரியை. நன்றி என்று சொல்லவில்லை. தாளாளர் அதற்காகக் காத்திருந்தது முகத்தில் தெரிந்தது. ஆசிரியை சான்றிதழ்களைத் தன் பைக்குள் வைத்தார், நேராக வெளி வாசலுக்கு நடந்தார். ஆட்டையாம்பட்டி வழியாகப் போகும் சேலம் பேருந்து வந்து அவர் ஏறுவதை நூலக ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

பிற்பகல் முழுவதும் ரிக் ஓடியது. வகுப்புகளில் யாருக்கும் எதுவும் காதில் விழவில்லை. முதலில் வெள்ளைப் புழுதி, பிறகு சாம்பல் நிறப் புழுதி, மறுபடி வெள்ளை. விளையாட்டுத் திடல், பேருந்துகள், பச்சைப் பலகை, எல்லாவற்றின் மேலும் படிந்தது. தாளாளர் வெள்ளை வேட்டி சட்டையோடு அதன் நடுவில் நின்றுகொண்டிருந்தார். சாயங்காலம் ரிக்கை நிறுத்தினார்கள். துளையில் கயிறு விட்டுப் பார்த்தார்கள், ஈரம்கூட இல்லை.

நான் பேருந்துக்குப் புறப்பட்டபோது எதிரே வந்தார். புருவத்திலெல்லாம் புழுதி.

“பாத்தீங்களாங்க சார்? குடுத்தும் தண்ணி வல்லீங்க.”

மூன்று சொல்லில் அந்த மனிதர் முழுவதும் இருந்தார். தன்னுடையது அல்லாததைத் திருப்பித் தந்ததை அவர் ஒரு காணிக்கையாகக் கணக்கில் வைத்திருந்தார். அதற்குப் பூமி தண்ணீர் கொடுக்கவில்லை என்பதில் அவருக்கு உண்மையாகவே மனவருத்தம். நான் பேருந்தைப் பிடித்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமைப் பூஜைக்கு ஆசிரியர்கள் யாரும் சொல்லாமலே சீக்கிரம் வந்துவிட்டார்கள். கணக்கு ஆசிரியை முந்தானையில் அரளிப் பூ முடிந்து கொண்டுவந்திருந்தார். வெள்ளையும் சிவப்பும். இயற்பியல் ஆசிரியரின் சட்டைப் பையிலும் ஒரு காகிதப் பொட்டலம் புடைத்துக்கொண்டிருந்தது. பூசாரி மணியடித்தார். தாளாளர் வரவில்லை. கார் வாசல்வரை வந்து, கோயில் பக்கம் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, திரும்பிப் போய்விட்டதாகக் காவலாளி சொன்னார். அதற்குப் பிறகும் அவர் வெள்ளிக்கிழமைகளில் பூஜை நேரத்துக்கு வருவதில்லை. ஆசிரியர்களும் பூ எடுத்து வருவதை நிறுத்தவில்லை.

சரிபார்ப்பு நடந்த திங்கட்கிழமை மாலை ஆசிரியை என்னைக் கைபேசியில் அழைத்திருந்தார். எல்லாம் முடிந்துவிட்டது, சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள்.

“ஒரே ஒரு எடத்துலதான் சார் நிறுத்திட்டாங்க. பட்டத்து மேல ஓரத்துல பழுப்பாக் கற, நடுவுல ஓட்ட. அந்த பீரோவுல குத்தி வெச்சிருந்தது துருப்பிடிச்சு அடுத்த தாளு வரைக்கும் எறங்கியிருக்குது. இதென்னம்மான்னு அந்த மேடம் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பாத்தாங்க.”

“என்ன சொன்னீங்க?”

“லாடத்து ஆணிங்கன்னு வாய் வரைக்கும் வந்துருச்சு சார். குண்டூசிங்கன்னு சொல்லிட்டு வந்தேன்.”